இருமல் மருந்தும் சட்டை அளவும்

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் தையல் கூடத்தில் இந்த வருடமும் பள்ளிச் சீருடை வேலை மலையாகக் குவிந்திருக்குமே. நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் நாளே டீச்சரிடம், "எங்கப்பா மைக்ல சொன்னாத்தான் ரயிலே வரும்"னு அளந்துவிட்டாளாம். டீச்சர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஸ்டேஷனில் மூன்றாவது பிளாட்பாரத்தை உடைத்துக் கட்டுகிறார்கள். ஒரே தூசி. தொண்டையில் முள் மாட்டியது போல் இருக்கிறது. நேற்று வண்டி எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமிவிட்டேன். மைக்கை அணைக்கவில்லை. ஸ்டேஷன் முழுக்க என் இருமல்தான். மேலாளர் கூப்பிட்டு, "என்னப்பா, வண்டி வருதா, இருமல் வருதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீ கொதிக்க வைத்துத் தேன் கலந்து தருவாயே, அந்த இருமல் மருந்து ஒரு பாட்டில் வேண்டும். பார்சல் வண்டியில் போட்டால் என் கைக்கே வந்துவிடும். பக்கத்துக் கடையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் மட்டும் பண்ணாதே. பேசினால் தொண்டை கட்டிக்கொள்கிறது. இருக்கிற குரலை வண்டிகளுக்கு மிச்சம் வைக்கிறேன். கடிதமே எழுது.

உன் தம்பி


ஜூன் 17

அன்புள்ள ஒலிபெருக்கிக்கு,

நானும் மாமாவும் நலம். மாமாவின் முழங்கால் அவர் பேச்சைக் கேட்காமல் என் பேச்சைக் கேட்டு நடக்கிறது. அங்கே உன் தொண்டை தவிர மற்றதெல்லாம் நலம் என்று நம்புகிறேன்.

மருந்து அனுப்பியிருக்கிறேன். அதிமதுரத்தை ஒன்றிரண்டாக இடித்து, இஞ்சி, மிளகு, ஒரு கைப்பிடி துளசி, மாடித் தொட்டியில் வளர்கிற கற்பூரவல்லி இலை இருபது, எல்லாவற்றையும் போட்டு நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். இஞ்சி தோல் சீவியது மாமா. பாதி இஞ்சியைத் தோலோடு சேர்த்துச் சீவிவிட்டு, "சுத்தமா இருக்கு பாரு" என்கிறார். நன்றாக ஆறிய பிறகுதான் தேன் விட்டேன். சூட்டில் விட்டால் எல்லாம் பாழ்.

காலையில் ஒரு ஸ்பூன், மாலையில் ஒரு ஸ்பூன். ஒரு பாட்டில் ஒரு மாதத்துக்கு வரும். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் இந்த மருந்தைக் கட்டிக்கொண்டு உட்காராதே, டாக்டரிடம் போ. நான் தையல்காரி. கஷாயம் வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

வாலுவுக்கு என் முத்தம்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் மருந்தை என்னவென்று சொல்வது! இரண்டே நாளில் முள் போன இடம் தெரியவில்லை. காலை ஷிப்டில் பதினேழு வண்டி அறிவித்தேன், ஒரு செருமல் கிடையாது. மேலாளரே, "குரலுக்குப் பாலிஷ் போட்டியா?" என்று கேட்டார். "எங்கக்கா மருந்து சார்" என்று மார்தட்டிக்கொண்டேன்.

பாட்டில் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு நாளில் எப்படி என்று கேட்பாய். மதிய ஷிப்ட் அறிவிப்பாளர் அம்மாவுக்கு இருமல். டிக்கெட் கவுண்டர்காரருக்குத் தொண்டைக் கரகரப்பு. ஆளுக்கொரு ஸ்பூன் என்று ஆரம்பித்து ஸ்டேஷனே குடித்துவிட்டது. இந்த முறை இரண்டாக அனுப்பு. உன் கைக்கு இங்கே அவ்வளவு மரியாதை!

தம்பி


ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தைத் தையல் கூடத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண்கள் எல்லாம் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மேற்பார்வையாளர்கூட, "அப்ப இனிமே மருத்துவச்சின்னுதான் கூப்பிடணும்" என்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதர் என் தையலில் கோணல் மட்டும்தான் கண்டுபிடித்திருக்கிறார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். இன்னும் கொஞ்சம் கெட்டியாக வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதம் முழுக்க அடுத்தவர் இருமலாகவே இருக்கிறதே, உன் இருமல் எங்கே போயிற்று? சுத்தமாக நின்றுவிட்டதா? ஒரு வரி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை கழுத்தை நெரிக்கிறது. எல்லோரும் நலம்.

மருந்து வழக்கம்போல் பிரமாதம். இங்கே கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். மூன்று பாட்டில் அனுப்ப முடியுமா?

இன்னொரு விஷயம். எனக்கு வேலைக்குப் போட இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்பு. பழைய சட்டைகள் துவைத்துத் துவைத்துப் பெரிதாகிவிட்டன, தொளதொள என்று தொங்குகின்றன. உன் தம்பி பெண்டாட்டி டேப் வைத்து அளந்து எழுதித் தந்த சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். விடியும் முன்பே பேக்கரி வேலைக்கு ஓடுகிறவள், அளவெடுக்கவே ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம்.

துவைத்தால் சுருங்குகிற துணியைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். பெரிதாகிற துணி உன் ஊரில் மட்டும்தான் விற்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கும் இரண்டு கஜம் வாங்கி வை.

என் அளவு நோட்டில் போன வருடம் உன் கழுத்து பதினைந்தரை, மார்பு நாற்பது. சீட்டில் கழுத்து பதினாலரை, மார்பு முப்பத்தேழு. தோள் பதினெட்டு. பேக்கரிக்காரிக்கு டேப் பிடிக்கத் தெரியவில்லையோ என்னவோ. இருந்தாலும் சீட்டில் உள்ளபடியே தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறதென்று எழுது.

ஒரே ஒரு பாட்டில்தான் அனுப்புகிறேன். இந்த முறை கொஞ்சம் வேறு பக்குவம். எப்படி வேலை செய்கிறது என்று சொல். உன் நண்பர்களிடமும் கேட்டு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுதுவதற்காக எழுதவில்லை, பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நலம்.

இந்த முறை என்ன செய்து வைத்தாய்? இனிப்பும் காரமும் இருக்கிறதே தவிர மருந்தில் சத்தே இல்லை. மூன்று ஸ்பூன் குடித்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் எல்லோரும் குறை சொல்கிறார்கள். மதிய ஷிப்ட் அம்மாவுக்கு இருமி இருமி விலா பிடித்துக்கொண்டது. வாலுகூட, "இது அத்தை மருந்தே இல்லப்பா, இருமல் போகவே மாட்டேங்குது" என்கிறாள். அதிமதுரம் கிடைக்கவில்லையா? கற்பூரவல்லி காய்ந்துவிட்டதா? எதுவானாலும் பழைய பக்குவத்தில் உடனே செய்து அனுப்பு. நாளைக்கே அனுப்பு அக்கா. இந்த வாரம் ரயில்வே ஆய்வு அதிகாரிகள் வருகிறார்கள். நான் மைக்கில் உட்கார்ந்தாக வேண்டும்.

சட்டை கச்சிதமாக இருக்கிறது.

தம்பி


செப்டம்பர் 13

தம்பி,

சட்டை கச்சிதமாக இருக்கிறதென்று நீ எழுதியதைப் படித்ததும் மெஷினிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சரியாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் தைத்தேன்.

டேப்பைத் தப்பாகப் பிடித்திருந்தால் தோள் அளவும் தப்பியிருக்க வேண்டும். தோள் மட்டும் போன வருடம் இருந்த அதே பதினெட்டு. எலும்பு இளைக்காது, சதைதான் இளைக்கும். மூன்று அங்குலம் மார்பு எங்கே போயிற்று? போனில் பேசினால் உன் இருமல் என் காதில் விழுந்துவிடும் என்றுதானே கடிதமே எழுது என்றாய்?

அந்தப் பாட்டிலில் மருந்து இல்லை. சர்க்கரைப் பாகு. நிறத்துக்குக் கொஞ்சம் கருக்கிய சர்க்கரை, தொண்டையில் சுருக்கென்று பிடிக்க இஞ்சிச் சாறு. வேண்டுமென்றே செய்தேன். குடிப்பது நீதான் என்றால் மருந்து இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும், இருமலும் மறைப்பில்லாமல் வெளியே வரும், உன் பெண்டாட்டி காதில் விழும் என்று நினைத்துச் செய்தேன்.

ஆனால் வாலு எதற்கு என் மருந்தைக் குடிக்கிறாள்? எத்தனை நாளாகக் குடிக்கிறாள்? அவளுக்கும் இருமலா?

நாளைக் காலையில் இரண்டு பேரும் நெஞ்சு டாக்டரிடம் போங்கள். சளி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பாருங்கள். இனி ஒரு சொட்டு அனுப்ப மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. உன் புருஷனுக்கு நான் எழுதிப் பதினெட்டு நாளாயிற்று. பதில் இல்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஸ்டேஷனுக்கு நாலு முறை போன் செய்தேன். "லீவுல இருக்கார்" என்று ஒருவர் சொன்னார். "இப்பத்தான் வெளிய போனார்" என்று இன்னொருவர் சொன்னார். அதனால்தான் உன் பெயருக்குப் பேக்கரி விலாசத்தில் எழுதுகிறேன்.

அவனுக்கு ஜூனிலிருந்தே இருமல் இருக்கிறது. என் மருந்தைக் குடித்து மறைத்திருக்கிறான். உடம்பு இளைத்திருக்கிறது, அளவெடுத்த உனக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் சண்டை போடு, அழு, என்ன வேண்டுமானாலும் செய். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போ. குழந்தையை முதலில் காட்டு. தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினாலே வாசலுக்கு ஓடுகிறேன். ஒரு வரி எழுதம்மா.

அண்ணி


அக்டோபர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்றுதான் எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது அண்ணி. சட்டைக்கு அளவெடுத்த அன்று, "வயசாகுது, தொப்பை கரையுது, நல்லதுதானே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். செப்டம்பரில் ஒரு ஞாயிறு வீட்டில் இருந்தேன். அவர் இருமுகிறார், அடுத்த அறையில் குழந்தை இருமுகிறாள். இரண்டும் ஒரே மாதிரி இருமல். கையிலிருந்த மாவைக்கூடக் கழுவாமல் அப்படியே நின்றேன். கேட்டதற்கு, தூசி என்றார். அப்போதும் நம்பத்தான் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அவர் சட்டைப் பையில் தேடினேன். நீங்கள் அவருக்கு எழுதியது எட்டாக மடித்து இருந்தது. மடிப்பில் கிழிந்தே போயிருந்தது. எத்தனை தடவை பிரித்துப் படித்தாரோ.

மறுநாளே மார்பு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரிடம் கேட்டார். "எத்தனை நாளா இருமல்?"

"ரெண்டு வாரமா சார்."

வாலு என் மடியில் இருந்தாள். "இல்ல டாக்டர், நான் ஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடியே அப்பாக்கு இருமல். அத்தை மருந்து குடிச்சா ஒளிஞ்சுக்கும். அப்புறம் எனக்கும் வந்துச்சு. அப்பாக்கு ரெண்டு ஸ்பூன், எனக்கு ஒரு ஸ்பூன். அம்மா பேக்கரிக்குப் போனப்புறம்தான் குடிப்போம். அம்மாகிட்ட சொல்லக் கூடாது, அம்மா பயந்துடுவாங்க" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்குக் காசநோய். சளியில் கிருமி இருக்கிறது, இடது நுரையீரலில் நிறையப் பரவிவிட்டது. "இத்தனை மாசம் எப்படி வேலை பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஆறு மாதம் மாத்திரை. முதல் கொஞ்ச நாள் முன்னறையில் தனியாக இருக்கிறார், முகமூடியோடு. எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு எக்ஸ்ரேயும் ஊசிப் பரிசோதனையும் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் அறிவிப்பாளர்கள் எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உங்கள் மருந்தை அங்கே யாருமே ஒரு ஸ்பூன்கூடக் குடித்ததில்லை அண்ணி. டிக்கெட் கவுண்டர்காரர் என்னிடம், "என்ன மருந்துங்க அது?" என்றார்.

அவர் மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அவர் சாப்பிட்ட தட்டைக் கொதிநீரில் போடும்போதெல்லாம் அழுகை வருகிறது.

உங்கள் தம்பி மனைவி


அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கும் வாலுவின் அம்மாவுக்கும்,

வாலுவின் முடிவு வந்ததா? அதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. வெட்டிய துணியையே மறுபடி வெட்டிவிட்டேன். ஒரு சீருடைக்கு மூன்று கை தைத்து வைத்திருக்கிறேன். சீருடை வேலை முடியாமல் விடுப்பு கிடையாது என்கிறார்கள். டிசம்பர் முதல் வாரம் கிளம்பி வருகிறேன். இரண்டு நாள் பயணம், மாமாவின் முழங்கால் ஒத்துழைக்காது. நான் மட்டும் வருகிறேன்.

தம்பி, ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். சட்டை அளவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுதினேன் அல்லவா, அது பாதிப் பொய். பன்னிரண்டு நாளில் பாட்டில் தீர்ந்தது என்று ஜூலையில் எழுதினாயே, அன்றே எனக்கு உறைத்தது. ஸ்டேஷனே குடித்தது என்பதை நான் நம்பவில்லை. உனக்கு மேலாளரிடம் பேசவே நடுங்கும், நீ எங்கே ஊருக்கெல்லாம் மருந்து கொடுப்பாய்!

அப்படியிருந்தும் இரண்டு பாட்டில் அனுப்பினேன். ஏன் தெரியுமா? உன் கடிதத்துக்காக. என் கைக்கு மரியாதை என்று எழுதியிருந்தாயே, அதற்காக. அதைக் கூடத்தில் படித்துக் காட்டினால் பெண்கள் மெஷினை நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு அது தேவைப்பட்டது. அடுத்த கடிதத்திலும் அப்படி ஒரு வரி வர வேண்டும் என்று இன்னும் கெட்டியாகக் காய்ச்சினேன். ஜூலையிலேயே நிறுத்தியிருந்தால் குழந்தை வரைக்கும் போயிருக்காது. இதை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் என்னைத் திட்டி எழுதினாலும் சரி. எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதாத கை இது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்தை இந்த முறை உள்ளபடியே எழுதுகிறேன்.

எனக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. இனி மற்றவர்களோடு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் சளியை மறுபடி பரிசோதிப்பார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

வாலுவுக்கும் அதேதான் அக்கா. எக்ஸ்ரேயில் வலது பக்கம் சின்ன நிழல். என்னிடமிருந்துதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், சரியாகிவிடும் என்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் உன் நல்ல மருந்தையே கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஏன் மறைத்தாய் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அறிவிப்பு அறை எட்டடிக்கு எட்டடி. ஜன்னல் கிடையாது. நாலு பேருக்கு ஒரே மைக். நோய் என்று தெரிந்தால் அந்த நாற்காலி போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, பரிசோதனை செய்தால்தானே அதற்கு ஒரு பெயர் வரும், செய்யாதவரை வெறும் இருமல்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். குழந்தை இருமியபோது அதே ஏமாற்று வேலையை அவளுக்கும் செய்தேன். மற்ற அறிவிப்பாளர்கள் யாருக்கும் நோய் இல்லை. மதிய ஷிப்ட் அம்மாவை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். அவருக்கு இருமல் என்று நான் கதை கட்டியதெல்லாம் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்க்காதவர் போலப் போய்விட்டார். நாற்காலி கிடைக்குமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

நீ இந்தத் தப்பில் பங்கு கேட்கிறாய். தர மாட்டேன். நீ எனக்கு அனுப்பினாய், நான் குழந்தை வாயில் ஊற்றினேன். உன் பங்கும் என் பங்கும் ஒன்றல்ல. டிசம்பரில் வா. வாலுவின் அம்மா உனக்காகப் பின்னறையை ஒழித்து வைத்துவிட்டாள். என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. நீ வந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

காலையில் எனக்கும் வாலுவுக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை. அவளுக்குக் கசக்கும், முகத்தைச் சுளிப்பாள், ஆனால் அடம் பிடிப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. முதலில் நான் விழுங்க வேண்டும். தண்ணீர் குடித்து முடித்ததும் என் எதிரில் வந்து நிற்கிறாள். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம் காட்டு. பொய் சொல்லக் கூடாது" என்கிறாள். நான் தூக்கிக் காட்டுகிறேன். எட்டிப் பார்த்து, இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்திப் பார்த்து, ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் தன் மாத்திரையைக் கையில் எடுக்கிறாள்.

உன் தம்பி